தாத்தாவோட புல்லட்டை ‘ஸ்க்ராம்ப்ளர்’ ஆக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

காஞ்சிபுரம் பக்கம் பழைய வீடுகளில் தறி ஓடிய அறையின் மூலையில், சாக்குப் போர்த்திய ஒரு வண்டி நிற்கும். பெட்ரோல் டேங்க்கில் தூசி, டயரில் காத்து இல்லை, கிக்கர் துருப்பிடிச்சிருக்கும். தாத்தா ஓட்டிய புல்லட். ஐ.டி வேலைக்குப் போன பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு நாள் ஆசை வரும்: “இதை எடுத்து, மட்கார்டை வெட்டி, பட்டன் டயர் போட்டு, சைலன்சரை மேலே தூக்கிவிட்டு, ஆஃப்-ரோடு வண்டியா மாத்திடலாமே!”

ஆசை நல்லதுதான். ஆனால் பட்டறைக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெரியணும். புல்லட்டை ஆஃப்-ரோடு வண்டியாக ‘மாற்ற’ வேண்டியதே இல்லை. அது பிறந்ததே அப்படித்தான்.

புல்லட்டுக்கும் மேடுபள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய புல்லட்டின் மூதாதை பொதுமக்கள் முன் முதலில் வந்தது ஷோரூமில் அல்ல, 1948-ல் இங்கிலாந்தில் நடந்த ‘ட்ரையல்’ போட்டியில். ட்ரையல் என்றால் வேகப் பந்தயம் கிடையாது. பாறை, சேறு, ஓடை எல்லாவற்றையும் கால் தரையில் படாமல் கடக்கணும். கால் ஊன்றினால் மதிப்பெண் போச்சு. பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லாத வண்டிகள்தான் அப்போது வழக்கம். புல்லட் ஸ்விங்-ஆர்ம் சஸ்பென்ஷனோடு வந்து நின்றது.

அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் கோப்பை வென்ற பிரிட்டன் அணியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். ஜானி பிரிட்டன் என்ற வீரர் 350 சிசி புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலை 1952-லும் 1957-லும் ஜெயித்தார்.

நம்ம ஊர்க் கதை 1955-ல் தொடங்குகிறது. மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடிப்போன பிறகும் புல்லட் இங்கே தொடர்ந்து தயாரானது. 1977-ல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தோம்! இன்று ராயல் என்ஃபீல்டின் பெரிய ஆலைகளான ஒரகடமும் வல்லம் வடகாலும் இருப்பது இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான்.

அதனால் அந்த மூலையில் நிற்பது பழைய இரும்பு மட்டும் இல்லை. இந்த மண்ணின் தொழில் வரலாறும்கூட.

வெட்டி மாத்தினா என்ன தப்பு?

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்போடு பொருந்தாமல் போகும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

இன்ஜினே போய்விட்டால்? அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ-வின் முன் அனுமதியோடு மாற்றலாம். “மெக்கானிக் போட்டுக் கொடுத்துட்டார்” என்பது அனுமதி ஆகாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். வெட்டிய மட்கார்டு திரும்பி வராது. ஃபிரேமில் வெல்டிங் வைத்துவிட்டால் அது பழைய ஃபிரேம் இல்லை. பட்டில் உடலுக்கு ஒரு நிறம், முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் காஞ்சி நெசவாளர்கள் ‘பிட்னி’ போடுவார்கள். பழைய பாவு இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக இணைப்பார்கள். அவசரப்பட்டால் சேலையே கெடும். வண்டியை மீட்பதும் அப்படித்தான்: எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும், அதே வகைப் பொருளால், பொறுமையாக.

எங்கிருந்து தொடங்கணும்?

ஸ்பேனரிலிருந்து இல்லை, பேப்பரிலிருந்து.

• ஆர்.சி-யில் இருக்கும் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகுதா? பார்க்காமல் ஒரு ரூபாய்கூட செலவு செய்யாதீங்க.

• வண்டி இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறதா? உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பல வீடுகளில் இது வருஷக்கணக்கில் கிடப்பில் இருக்கும். அதை முதலில் முடிங்க.

• ஆர்.சி தொலைந்திருந்தால் போலீஸில் புகார் செய்து நகலுக்கு விண்ணப்பிக்கணும்.

• 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். பசுமை வரி தனி.

அடுத்தது பட்டறை. டேங்க்கின் உட்புறத் துருதான் முதல் எதிரி. இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர், கார்க் வாஷர்களை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் சீல் எல்லாவற்றையும் புதுசாக மாற்றிடுங்க. மாசக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கில் பெட்ரோலை விட்டு வைக்காதீங்க.

பாயிண்ட் இடைவெளி, டைமிங், ஸ்போக் இழுவை, பிரேக் ஷூ என்று எதுவும் கம்ப்யூட்டரில் வராது. காதால் கேட்டு, கையால் தொட்டுச் சரிசெய்யும் மெக்கானிக் வேணும். இந்த வார்ப்பிரும்பு இன்ஜின்கள் தயாரிப்பிலிருந்து போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அதைப் பிரித்துப் பழகியவர்களுக்கும் வயசாகிக்கொண்டிருக்கிறது. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்கோங்க. அது வண்டியைவிட அரிய சொத்து.

ஓட்டும்போது?

ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். புது வண்டி பழகிய கால், பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும். காலி மைதானத்தில் நன்றாகப் பழகிய பிறகே ரோட்டுக்கு வாங்க.

நீளமான ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல் என்பதால் இந்த இன்ஜின் குறைந்த வேகத்தில்தான் தன் பலத்தைக் காட்டும். மண் பாதையில் முறுக்காதீங்க. சின்ன கியரில், ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, அது நடக்கிற மாதிரி விடுங்க. ட்ரையல் வீரர்கள் செய்ததும் அதைத்தான். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமச் சாலைகளே இதற்குப் போதும். பாலாற்று மணலில் இறக்குவது, ஏரிக்கரையை உழுவது எல்லாம் வீரம் இல்லை. கரை உடைந்தால் பாதிக்கப்படுவது விவசாயி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியோடு போவது குற்றம்.

அரசு என்ன செய்யலாம்?

2021-ல் மத்திய அரசு ‘விண்டேஜ்’ வாகன விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கணும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான்.

சரி, 1985-ல் வாங்கிய புல்லட்? அது சட்டத்தின் கண்ணில் விண்டேஜ் இல்லை, வெறும் பழைய வண்டி. 2025 ஆகஸ்ட்டில் 20 வருஷம் தாண்டிய பைக்குகளின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000-லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு திருகுகூட மாற்றாமல் காப்பாற்றியவருக்கும், புகை கக்க ஓட்டுபவருக்கும் ஒரே கட்டணம்.

பழைய இன்ஜின்களில் புகை அதிகம், டிரம் பிரேக் பலவீனம் என்பது உண்மைதான். எல்லாவற்றையும் தாராளமாக ஓடவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குச் சாலை வரியிலிருந்தும் வருடாந்திரச் சோதனையிலிருந்தும் விலக்கு உண்டு, ரோட்டிலும் ஓட்டலாம். நாமும் 25 முதல் 50 வருஷ வண்டிகளுக்கு ‘கிளாசிக்’ என்று ஒரு இடைப் பிரிவை யோசிக்கலாம். மூல வடிவில் இருக்கணும், தகுதிச் சோதனை கட்டாயம், வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு வைக்கலாம். பதிலுக்குக் கட்டணத்தில் சலுகை தரலாம்.

அதுவரை பொறுப்பு நம்மிடம்தான். வார இறுதியில் அந்தச் சாக்கை எடுங்க. தூசியைத் துடைத்து, சேஸிஸ் நம்பரைப் படிங்க. கிரைண்டரை மட்டும் தூர வைங்க.