கடை முகப்பு ஷீட்டும் புயல் காற்றும்



ஐப்பசி பிறந்தால் தீபாவளிச் சரக்கு, பாக்கி வசூல் என்று நமக்கு ஆயிரம் கவலை. அவற்றோடு கடை வாசலில் போட்டிருக்கும் ஷீட் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வெயிலும் மழையும் வாடிக்கையாளர் தலையில் படாமல் காப்பது அதுதான். புயலன்று முதலில் பிய்த்துக்கொண்டு போவதும் அதுதான்.

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் நமது மாமல்லபுரம் அருகில்தான் கரையேறியது. காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர். இடையிடையே வீசிய சூறை 85. புயல் வரிசையில் இது பெரியதன்று. 2016 டிசம்பர் 12இல் சென்னை அருகே கடந்த வர்தா இதைவிடக் கடுமையானது.

ஷீட் போடும்போது நாம் வெல்டிங்காரரிடம் கேட்பது, ஆள் ஏறினால் தாங்குமா, தண்ணீர் ஒழுகுமா என்பவைதான். இரண்டும் மேலிருந்து வரும் பாரம். காற்றோ கடைச் சுவரில் மோதி, வேறு போக்கின்றி, கூரையைக் கீழிருந்து தூக்குகிறது. மேலே ஓடும் காற்று அதே நேரத்தில் உறிஞ்சி இழுக்கிறது.

கணக்கு நமக்குப் புதிதா என்ன? மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். அதை அதாலேயே பெருக்கி, 0.06ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய எத்தனை கிலோ அழுத்தம் என்று கிடைக்கும். 20 அடிக்கு 10 அடி ஷீட் 18.6 சதுர மீட்டர். 85 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் வரும் விசை சுமார் 620 கிலோ. 120 கிலோமீட்டர் என்றால் 1,240 கிலோ. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பாரம் இரட்டித்துவிட்டது! ஐம்பது கிலோ மூட்டை இருபத்தைந்தைக் கீழிருந்து மேலே தள்ளுவதற்குச் சமம். ஷீட்டும் பைப்பும் சேர்ந்து பெரும்பாலும் 250 கிலோவைத் தாண்டுவதில்லை. மிச்சத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியவை போல்ட்டும் சுவரும்தான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி (2015இல் திருத்தப்பட்டது) சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கட்டட ஓரத்தில் நீட்டிய கூரை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் அடிப்பக்க அழுத்தத்தை 1.25 மடங்காகவும், மட்டமாக இருந்தால் ஒரு மடங்காகவும் கொள்ளச் சொல்கிறது அதே விதி. மழைநீர் ஓட நாம் எல்லோரும் சரிவாகத்தானே போடுகிறோம்? செங்கல்பட்டு கடைத்தெருவில் எதிர்வரிசைக் கட்டடங்கள் காற்றைச் சற்றுத் தடுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், மாமல்லபுரம் கடைகளுக்கு அந்த மறைப்பும் குறைவு. இதையெல்லாம் கூட்டிக் கழித்துச் சொல்லப் பொறியாளர் வேண்டும்.

செலவு என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஷீட்டின் கனத்தில் பேரம் பேசுகிற நாம், போல்ட் செங்கல் பூச்சில் இறங்கியதா, கான்கிரீட் பீமில் இறங்கியதா என்று கேட்பதில்லை. பைப் கால் தரையில் வெறுமனே நிற்கிறதா, கான்கிரீட்டில் புதைந்து நிற்கிறதா என்றும் பார்ப்பதில்லை. கடற்காற்றில் துரு ஏறிய போல்ட் புதிய ஷீட்டை எப்படிப் பிடிக்கும்?

முகப்பின் மேல் ஏற்றுகிற விளம்பரப் பலகை தனி ஆபத்து. 2024 மே 13இல் மும்பை காட்கோபரில் புழுதிப் புயலில் சாய்ந்த ராட்சதப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் மாண்டனர். நமது பலகை சிறியதுதான். ஆனால் அதன் கீழே நிற்பவர் நம் வாடிக்கையாளர். கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காகப் பழைய பைப்பில் புதுப் பலகையைக் கட்டுவதை நாம் நிறுத்தியாக வேண்டும்.

கடைக்கு ஒரு பொறியாளரை அழைப்பது சிறு வணிகருக்கு இயலாது. ஒரு தெருவுக்கு ஒருவர் என்று ஊர்ச் சங்கங்கள் ஏற்பாடு செய்தால் செலவு பங்காகிவிடும். ஆடி, ஆவணியில் பார்த்து முடித்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் போல்ட் மாற்ற நேரம் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு வெல்டிங்காரர் கிடைக்கமாட்டார். அன்று நம்மால் ஆகக்கூடியது பக்கத் தார்ப்பாயையும் பலகையையும் அவிழ்த்துவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, நேரத்தோடு வீடு போய்ச் சேர்வதுதான்.