தகரக் கொட்டகையும் இரண்டு நீதியும்

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது மனையின் பின்புறத்தில் வண்டி நிறுத்தவோ துணி துவைக்கவோ ஒரு தகரக் கொட்டகை போடுகிறவர், சட்டத்தின் பார்வையில் கட்டடம் கட்டுகிறார். 2021 வரை பெங்களூருக்குப் பொருந்திய 1976ஆம் ஆண்டின் கர்நாடக மாநகராட்சிகள் சட்டம் ‘கட்டடம்’ என்பதற்குத் தந்த விளக்கத்தில் வீடும் தொழுவமும் கொட்டகையும் குடிசையும் ஒரே வரிசையில் நின்றன. செங்கல்லோ மண்ணோ தகரமோ, பொருளால் வேறுபாடு இல்லை. ஆகவே அனுமதி வேண்டும். மனையைச் சுற்றி விட்டாக வேண்டிய காலியிடத்தில் அக்கொட்டகை நின்றால் அது விதிமீறலும் ஆகும்.

இதற்காக அனுமதி கோரி வார்டு அலுவலகப் படியேறியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்பதே வேடிக்கை. கேட்காமல் போடுகிறார்கள், கொட்டகை நிற்கிறது. யாரேனும் புகார் கொடுத்தாலும் அதிகாரி நேரே கடப்பாரையோடு வந்துவிட முடியாது. முதலில் தற்காலிக ஆணை, பிறகு விளக்கம் கேட்டல், அதன்பின்தான் உறுதி ஆணை. அதற்கும் மேல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

மீறலைப் பொறுத்துக்கொள்வதற்கென்றே அரசு ‘அக்கிரம–சக்கிரம’ என்று ஒரு திட்டத்தையும் வகுத்தது. குடியிருப்புக் கட்டடங்களில் 50 விழுக்காடு வரையிலும் மற்றவற்றில் 25 விழுக்காடு வரையிலும் உள்ள மீறலைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்துவது அதன் நோக்கம். 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உரிய சான்றிதழ் இல்லாத கட்டடங்களுக்கு மின்சாரமும் குடிநீரும் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கூறியபோது நகரமே பதறியது. 2025 அக்டோபரில் 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் எழுந்த சிறு வீடுகளுக்கு அச்சான்றிதழிலிருந்து மாநில அரசு விலக்கு அளித்தது. இந்தப் பரிவில் குற்றம் காண்பதற்கில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டியவரை இருட்டில் உட்காரவைப்பது நீதியன்று.

ஆனால் அதே விளக்கத்திற்குள் அடங்கும் இன்னொரு கொட்டகையும் இந்நகரில் உண்டு. 2020 ஜனவரி 19 அன்று பெல்லந்தூரை அடுத்த கரியம்மன அக்ரகாரத்தில் கட்டடத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் வாழ்ந்த தகரக் கொட்டகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. அவை ஏரியிலோ நடைபாதையிலோ நிற்கவில்லை; தனியார் நிலத்தில், வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்களுடையவை. குடியிருந்தவர்கள் வங்கதேசத்தினர் என்றொரு பேச்சு போதுமானதாயிற்று. வட கர்நாடகத்திலிருந்து வந்த இம்மாநிலத்துக் குடிமக்களின் வீடுகளும் அதில் போயின. தற்காலிக ஆணை எங்கே, விளக்கம் கேட்டது எப்போது, முறையீடு எந்தத் தீர்ப்பாயத்தில்? மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் காவல் துறையின் செயலைக் கர்நாடக உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கண்டனம் வந்தபோது கொட்டகைகள் இல்லை.

ஈஜிபுராவை நினைவுபடுத்தாமல் இதைப் பேச முடியாது. தமிழில் எழுதும்போது மேலும் முடியாது. அங்கே மாநகராட்சியே கட்டிய எளியோர் குடியிருப்பு, கட்டிய சில ஆண்டுகளிலேயே இடிந்து விழத் தொடங்கியது. வீடிழந்தவர்கள், பெரும்பாலும் தலித்துகள், அவர்களுள் மிகுதியும் தமிழர், அதே மனையில் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நிலத்தின் ஒரு பங்கு வணிக வளாகத்துக்கென்று தனியாரோடு உடன்பாடு ஆயிற்று. 2013 ஜனவரியில் காவலர் சூழ, பொக்லைன் இயந்திரங்கள் வந்தன. விதிப்படி கட்டாதது யார்? கட்டடத்தைச் சரியாகக் கட்டாத மாநகராட்சிதான். தண்டனை பெற்றது கொட்டகை.

கல்விப்புலத்தில் இதற்கு ‘முறைசாரா நகரம்’ என்று பெயர் வைத்துக் கருத்தரங்குகள் நடத்துகிறோம். முறைசாராமை ஏழையின் இயல்பன்று, அரசு கையாளும் கருவி என்று அனன்யா ராய் எழுதி இருபதாண்டுகள் ஆகின்றன. மேற்கோளாக அது ஆய்வேடுகளில் நன்றாகவே வாழ்கிறது. அந்த ஆய்வேடுகள் எழுதப்படும் நிறுவனங்களின் புதிய விடுதிகளைக் கட்டும் தொழிலாளர் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்பது மட்டும் எந்த இயலிலும் வருவதில்லை.

பாதுகாப்பில்லாத கொட்டகைகளை எப்படி அனுமதிப்பது என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி, தீயும் மழையும் தகரத்தை விட்டுவைப்பதில்லை. ஆனால் 2024 அக்டோபர் 22 அன்று பாபுசாபாளையத்தில் சரிந்து ஒன்பது உயிர்களைக் கொன்றது தொழிலாளரின் கொட்டகையன்று. விதிகளை மீறி எழும்பிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டடம் அது. பாதுகாப்பே அக்கறையானால் கடப்பாரை முதலில் எங்கே போயிருக்க வேண்டும்?

இத்தனைக்கும் கொட்டகை, சட்டம் கேட்கிற ஒன்று. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த, கட்டுமானத் தொழிலாளர்க்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பணியிடத்திலோ அருகிலோ சமையலிடமும் குளியலிடமும் கழிப்பறையும் கொண்ட தற்காலிக உறைவிடத்தை வேலை கொடுப்பவர் இலவசமாகத் தர வேண்டும் என்றது. பெங்களூரில் பெரிய கட்டடங்களுக்கான அனுமதிக் கடிதங்களில், தொழிலாளர்க்குத் தற்காலிகக் கழிப்பறை வேண்டும், அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்கு இடம் வேண்டும் என்ற நிபந்தனைகள் அச்சடித்தாற்போல் வந்துகொண்டே இருக்கின்றன. ஒப்புதல் பெறும் வரைபடத்திலோ தூண் உண்டு, லிஃப்ட் உண்டு, கார் நிறுத்துமிடம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கட்டுகிறவர் உறங்கும் இடத்துக்கு ஒரு கோடு கிடையாது.

அந்தக் கோட்டை இடச் சொல்லலாம். உறைவிடத்தின் அளவு, தண்ணீர், மின்சாரம், தீத்தடுப்பு ஆகியவற்றைக் காட்டாத வரைபடத்தைத் திருப்பி அனுப்பலாம். உறைவிடம் நிற்பதைக் கண்ட பிறகே அஸ்திவாரத்துக்கு இசைவு தரலாம். பிரிக்கும்போது எந்தத் தேதியில் பிரிப்பது, குடியிருந்தவர் எங்கே போவது என்பதையும் அதே கோப்பில் எழுதலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பழைய பெருமாநகராட்சியின் இடத்தில் 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகள் அமர்ந்திருக்கின்றன. ஐந்தும் தத்தம் விண்ணப்பப் படிவங்களில் ஒரு பக்கம் கூட்டினால் போதும்.