உடைந்த கலத்தின் சாட்சியம்

கடல்வழியே இந்நாட்டை வந்தடைந்த குடும்பங்கள் எமது வாசகரிடையே பல உள. அவர்களை ஏற்றிவந்த படகுகளின் பழுதைப் பரிசோதித்து எவரேனும் அறிக்கை எழுதினார்களா என இவ்வாரம் கேட்க விழைகிறோம்.

சரக்குக் கப்பலுக்கு இக்குறை வருவதில்லை. 2007 ஜூன் 8ஆம் நாள், சிட்னிக்கு வடக்கேயுள்ள நியூகாசில் துறைமுகத்துக்கு வெளியே, நிலக்கரி ஏற்றக் காத்துநின்ற 'பாஷா பல்கர்' புயலில் அடிபட்டுக் கரையில் தரைதட்டியது. மாலுமிகள் 22 பேரும் ஹெலிகொப்டரில் மீட்கப்பட்டனர். கப்பலும் ஜூலை 2இல் மீண்டும் மிதந்தது. போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2008இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. கொந்தளிப்பைத் தாங்கக் கப்பலினுள் போதிய கடல்நீர் நிரப்பப்படாததும், நங்கூரத்தை உரியவேளையில் தூக்காததும் அதில் ஆராயப்பட்டன.

ஆயினும் இத்தகைய அறிக்கையைக் குடியியல், குற்றவியல் வழக்குகளில் சான்றாக வைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது. அது பழி சுமத்த எழுதப்படுவதன்று. எனவே நட்டஈட்டுப் பிணக்குகளில் காப்புறுதியாளரும் உரிமையாளரும் தத்தம் சர்வேயரை அனுப்புவர். திருத்தவேலை தொடங்குமுன் அவர் வந்துவிட வேண்டும். புதிய முறிவு பளபளக்கும்; பழைய வெடிப்பில் துரு ஏறியிருக்கும். தகட்டின் தடிப்பை ஒலியலைக் கருவியால் அளப்பார். உடைத்தது புயலா, பராமரிப்பின்மையா என்பதிலேயே பெருந்தொகைப் பணம் தங்கியிருக்கும். எதிர்த்தரப்பின் சர்வேயர் அதே துருவை வேறுவிதமாக வாசிப்பதும் உண்டு!

இனி மற்றொரு கலம். 2010 டிசம்பர் 15ஆம் நாள் அதிகாலை, இயந்திரம் நின்றுபோன மரப்படகொன்று கிறிஸ்மஸ் தீவின் பாறைகளில் மோதிச் சிதறியது. ஈரான், ஈராக் நாட்டு அகதிகளே அதில் பெரும்பாலோர். ஐம்பது பேர் மாண்டனர். தீவு மக்கள் பாறை மேல் நின்று உயிர்காப்பு அங்கிகளை வீசினர். அப்படகுக்குக் காப்புறுதியும் இல்லை. உரிமை கோருவாரும் இல்லை. சர்வேயர் தட்டிப்பார்க்க உடலமும் எஞ்சவில்லை. மேற்கு அவுஸ்திரேலிய மரண விசாரணை அதிகாரி 2012இல் வழங்கிய முடிவுகள் எஞ்சியுள்ள ஆவணங்களுள் ஒன்று. அக்கடலில் இறக்கத்தக்க மீட்புப் படகு தீவின் பொலிசாரிடமோ தொண்டர்களிடமோ இல்லாதிருந்ததை அவர் கண்டித்தார். பின்னர் தப்பியோரும் உறவினரும் சிட்னியில் தொடுத்த நட்டஈட்டு வழக்கு 2017இல் தோற்றது. மேன்முறையீடும் 2018இல் தள்ளுபடியானது. அரசுக்கு அவர்கள்பால் கவனக் கடமை இருந்ததென நீதிமன்றம் ஏற்கவில்லை.

கரைசேர்ந்த படகுகளின் கதி வேறு. கடற்பயணத்துக்குத் தகுதியற்றதெனக் கருதும் படகை அழிக்க அதிகாரிகளுக்குக் குடிவரவுச் சட்டம் அதிகாரமளிக்கிறது. பல படகுகள் கடலிலேயே கொளுத்தப்பட்டன. தகுதியின்மைக்கான சான்றும் அத்துடன் எரிந்தது.

எம்மிடம் முன்னர் பயின்ற ஒருவர் தம் பயணத்தை அண்மையில் விவரித்தார். இயந்திரம் நின்ற நாள், பலகைகளுக்கிடையே நீர் புகுந்த இடம், பெயின்ற் வாளியால் இறைத்த மணிநேரம், அங்கிகளின் எண்ணிக்கை யாவும் அவருக்கு நினைவில் உள்ளன. சர்வேயர் எழுதுவனவும் இவையே. "இதை எங்காவது எழுதி வைத்தீரா?" என்றோம்.

"ஆர் சேர் கேட்டவை?" என்றார். அன்று மாலையே ஒரு கொப்பியை அவரிடம் கொடுத்தோம்.