சொல்லின்றி இசைப்போர்

பாட்டென்றாற் சொல் வேண்டும் என்பது நம்மவரிற் பலருடைய துணிபு. கருவியிசையைப் பாடகர் மேடையேறும்வரை பொழுதுபோக்கும் முன்னுரையாகவே கொள்கின்றனர். இத்துணிபுடையோர் அகமதாபாத்து இளைஞர் குழுவொன்றின் இசையை ஒருமுறை கேட்டல் நன்று. 'அஸ்வீகீப்சேர்ச்சிங்' என்பது அதன் பெயர். 'நாம் தேடிக்கொண்டிருக்கையில்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை இடைவெளியின்றி எழுதிப் பெயராக்கியுள்ளனர். (புணர்ச்சியிலே நம்மையும் விஞ்சிவிட்டனர்!) 2015இல் 'குவாப்', 2017இல் 'சியா' ஆகிய தொகுப்புகளை வெளியிட்டனர். இடையிடையே இந்திச் சொற்கள் சில வரினும், கிற்றாரும் மேனாட்டு முரசுமே இசையை நடத்திச் செல்கின்றன.

'போஸ்ற் றொக்' எனப்படும் இவ்வகையிற் பல்லவி, சரணம் என்னும் கட்டுப்பாடில்லை. சிறு சுரக்கோவையொன்று மெல்லத் தொடங்கி, வட்டம் வட்டமாய் வளர்ந்து, பேரலையாய் எழுந்து அடங்கும். இதன் உடன்பிறப்பு 'மாத் றொக்', அதாவது கணக்கு றொக். வழக்கமான றொக் இசை நான்கெண்ணி நடக்க, இஃது ஐந்தும் ஏழும் பதினொன்றுமாக நடைமாறிச் செல்லும். அமெரிக்காவின் லூயிவில் நகரத்து 'ஸ்லின்ற்' குழு 1991இல் வெளியிட்ட 'ஸ்பைடர்லாண்ட்' தொகுப்பை இவ்விரண்டுக்கும் முன்னோடியென்பர்.

மேனாட்டார் அரிதின் முயன்று பழகும் இவ்வெண்ணிக்கை நமக்குப் புதிதன்று. ஐந்து கண்டசாபு, ஏழு மிஸ்ரசாபு. மாவிட்டபுரத் திருவிழாவிலே தவிலொலி கேட்டு வளர்ந்த காங்கேசன்துறைப் பிள்ளைக்கு விரல்விட்டு எண்ணாமலே அது விளங்கும். அளவெட்டியில் வாழ்ந்த தவில்மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்தையும் வியப்பித்தது சொல்லாலன்று, கணக்கினாலும் நாதத்தினாலுமே.

அவர் பெருமையை ஓயாது பேசுகின்றோம். தவிலை இருந்து கேட்கின்றோமா? கலியாணப் பந்தலிலே நாதஸ்வரக்காரர் இராகம் வளர்க்க, நாம் காணிவிலையும் கனடாப் பயணமும் பேசிக்கொண்டிருக்கின்றோம். சொந்தக் கருவியிசைக்கே செவிகொடாத நாம் பிறர் இசையை 'வெற்றிரைச்சல்' என்பது எவ்வாறு பொருந்தும்? தானே புனைந்த கோவையொன்றைக் கிற்றாரில் வாசித்துக்காட்ட வரும் மாணவனை, "பாட்டு எங்கே தம்பி?" என்று கேட்டுத் திருப்பியனுப்புகின்றோம். அவனும் அடுத்த விழாவிலே திரைப்பாடலொன்றுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக் கைதட்டுப் பெறுகின்றான். அவனுடைய கோவையை அதன்பின் எவரும் கேட்டிலர்.

நம் பாடசாலைக் கலைவிழாக்களிலே அரைமணி நேரத்தைச் சொல்லில்லா இசைக்கென ஒதுக்குதல் வேண்டும். தவிலும் கிற்றாரும் ஒரே மேடையில் அமரட்டும். அந்த அரைமணியேனும் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை விட்டு விலகியிருப்பாராக.