விண்தூசும் ஊர்கோளும்

தூசு என்றதும் துடைத்தெறிய வேண்டியது என்றே எண்ணுகிறோம். விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் வளியும் தூசும் திரண்டே புதிய விண்மீன்களும் கோள்களும் உருவாகின்றன. நாம் மிதிக்கும் மண்ணும் ஒரு காலத்தில் அத்தகைய தூசே. எட்டாத் தொலைவில் இருள்போல் பரந்து கிடக்கும் அதனை அளப்பது எங்ஙனம்?

ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த விண்வெடிப்பு ஒன்றின் காமாக் கதிர்கள் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் புவியை எட்டின. அதுவரை கருவிகள் பதிந்த இவ்வகை வெடிப்புகளுள் மிகப் பொலிவானது இதுவே. 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் நாட்டு அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் அதனைப் பதிவு செய்தது. சில நாள்களுக்குப் பின் ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கி அத்திசையை நோக்கியபோது, ஒன்றனுள் ஒன்றாக 20 எக்ஸ் கதிர் வளையங்கள் தெரிந்தன.

வளையம் தோன்றும் முறை இது. வெடிப்பிலிருந்து நேரே வந்த கதிர் முதலில் நம்மை அடைகிறது. சற்றே விலகிச் சென்ற கதிர், நம் பால்வீதியின் தூசு மேகத்தில் பட்டுச் சிறிது திசை மாறி நம்மை நோக்கி வருகிறது. சுற்றுவழியாதலின் காலம் தாழ்த்தே வரும். நாள் செல்லச் செல்ல வளையமும் விரியும். தாமதத்தையும் வளையத்தின் கோணத்தையும் கொண்டு தூசின் தொலைவைக் கணக்கிடலாம். அண்மைத் தூசு பெரிய வளையம் தரும். சேய்மைத் தூசு சிறியது தரும். 1,000 ஒளியாண்டு முதல் 60,000 ஒளியாண்டுக்கு அப்பால் வரை உள்ள மேகங்கள் இவ்வாறு அளக்கப்பட்டன. வளையத்தின் பொலிவு வேறுபடும் பாங்கு, துகளின் பருமனையும் இயைபையும் உய்த்துணர உதவுகிறது.

இதனைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என வினவலாம். பச்சைமலை அடிவாரத்துத் துறையூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் தமிழ் வழியில் பயின்று வரும் மாணவர், இயற்பியல் வகுப்பில் வாய்திறவாது அமர்ந்திருக்கக் காண்கிறோம். அஃது அறிவுக் குறையன்று. தம் மொழியில் சொல்லித் தருவார் இல்லாக் குறை. ஒளிச்சிதறலை ஆய்ந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், நம் மாவட்டத்துத் திருவானைக்காவலில் பிறந்தவர். அவர் கண்ட சிதறல் வேறு வகையினது. எனினும் சிதறிய ஒளியைக் கொண்டு பொருளின் இயல்பை அறியும் நெறி ஒன்றே.

சொல்லுக்கும் பஞ்சமில்லை. நிலவைச் சூழும் ஒளிவட்டத்தை ஊர்கோள் என்றும் பரிவேடம் என்றும் தமிழ் வழங்கிற்று. நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பர் நம் ஊர்ப்புறத்தார். அது பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் அமைவது. காரணம் வேறாயினும், விண்தூசு வளையத்துக்கு ஊர்கோள் என்று பெயரிட்டால் சிற்றூர் மாணவன் மனத்தில் உருவம் உடனே எழும். முன்னோர் இதனையும் அன்றே அறிந்திருந்தனர் என மேடைதோறும் முழங்குவோர் உளர். எமக்கு அஃது உடன்பாடன்று. அவர்கள் கண்டது நிலவின் வட்டமே.

இயற்பியல் துறையினரும் தமிழ்த் துறையினரும் திங்களுக்கு ஒருமுறையேனும் கூடியமர்ந்து, இத்தகைய செய்தி ஒன்றைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் இடவேண்டும். அவர்கள் பொருளைச் சரிபார்க்கட்டும். நாம் தொடரைச் செப்பம் செய்வோம். ஒரு தாள், ஒரு பசை, ஒரு மாலைப் பொழுது போதும். இதற்கென நிதி கேட்டு விண்ணப்பம் எழுதவும் வேண்டா.