சுவரில் ஒட்டிய ஜல்லி

தில்லியில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். தொழில், கணக்குத் தணிக்கை. வவுச்சர் இல்லாமல் டீச் செலவைக்கூட பாஸ் பண்ணாத ஆசாமி. ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் கலைக்காட்சிகள். ஜெய்ப்பூர் ஹவுஸ், லாடோ சராய் காலரிகள், சாகேத் என்று சுற்றியிருக்கிறேன். புகைப்படம், வீடியோ இரண்டும் பிடிக்கும். படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த அரைப்பக்க விளக்கம்தான் தொண்டையில் சிக்குகிறது. இந்தப் பதிவு அதைத் திட்டுவதற்காக மட்டுமே.

சாம்பிள் வேண்டுமா? எங்கேயும் சுட்டதில்லை, நானே சமைத்தது: "இப்படைப்பு நினைவுக்கும் மறதிக்கும் இடையிலான வெளியைக் கேள்விக்குட்படுத்துகிறது. இருப்பு, இன்மை என்னும் இருமைகளைக் குலைத்து, பார்வையாளரின் பார்வையையே விசாரணைக்கு உள்ளாக்குகிறது."

கம்பீரமாக இருக்கிறதல்லவா? இப்போது இதை உங்கள் ரேஷன் கார்டு போட்டோவுக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்தும். மழையில் நிற்கும் எருமை மாட்டுக்கும் பொருந்தும். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவி வைத்திருப்பவனை நம்மூரில் என்னவென்று கூப்பிடுவார்கள்? :-)

இது என் ஒருவனுடைய வயிற்றெரிச்சல் இல்லை. 2012-இல் அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் என்ற இருவர், இ-ஃப்ளக்ஸ் வழியாக வந்த கலைக்காட்சி அறிவிப்புகளை எல்லாம் திரட்டிக் கணினியில் போட்டு அலசினார்கள். 'டிரிப்பிள் கேனபி' இதழில் கட்டுரையாக எழுதி, இந்த பாஷைக்கு 'சர்வதேசக் கலை ஆங்கிலம்' என்று பெயரும் வைத்தார்கள். அதற்கு முன்பே நம் ஊருக்கும் இறக்குமதி ஆகிவிட்ட சரக்கு அது.

வெறும் பாஷைதானே, விட்டுத்தள்ளு என்பீர்கள். விடமுடியாது. ஏனென்று இரண்டு உதாரணத்தோடு சொல்கிறேன்.

ஒன்று. புஷ்பமாலாவும் கிளேர் ஆர்னியும் 2000 முதல் 2004 வரை எடுத்த 'தென்னிந்தியப் பூர்வீகப் பெண்கள்' புகைப்பட வரிசை. ஏற்கெனவே பிரபலமான பெண் உருவங்களைப் புஷ்பமாலாவே வேஷம் கட்டி மறுபடி நடித்திருப்பார். ரவிவர்மா ஓவியம் உண்டு, வேளாங்கண்ணி மாதா உண்டு, வெள்ளைக்காரன் உடம்பை அளந்து எடுத்த படங்களின் பாணியில் ஒரு தோடர் பெண் உண்டு. சாட்டையோடு ஒரு பெண்ணும் உண்டு. எழுபதுகளின் தமிழ்ப் படம் ஒன்றின் ஸ்டில், அதில் இருந்தவர் ஜெயலலிதா. தமிழ்நாட்டுக்காரன் விளக்கம் எதுவும் படிக்காமலே சிரிப்பான், அடுத்த நொடி சிரிப்பை அடக்குவான். காரணம், இந்த வரிசை உருவாகிக்கொண்டிருந்த அதே 2001-இல்தான் அந்த நடிகை மறுபடி முதலமைச்சர் ஆனார். கையில் இருந்த சாட்டை அட்டைச் சாட்டையாக இல்லாமல் போன காலம்! தில்லிக்காரருக்கு இது தெரியாது. ஒரே ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த வரியை விட்டுவிட்டு 'ஆண் நோக்கு', 'நிகழ்த்துத்தன்மை' என்று ஜல்லியடித்தால் படத்தின் கதவைப் பூட்டிவிட்டுக் கதவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற கதைதான்.

இரண்டாவது உதாரணத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. அமர் கன்வரின் 'தி லைட்னிங் டெஸ்டிமனீஸ்', 2007. எட்டுத் திரைகளில் ஓடும் வீடியோ. அதே ஆண்டு ஜெர்மனியில் டாக்குமென்டா 12-இல் காட்டப்பட்டது. இந்தத் துணைக்கண்டத்தின் மோதல்களில் பெண்கள்மீது நடந்த பாலியல் வன்முறையைப் பற்றியது. பிரிவினையும் வருகிறது, மணிப்பூரும் வருகிறது. 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமாவை அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் வீட்டிலிருந்து பிடித்துப் போனது, சில மணி நேரத்தில் அவர் பிணமாகக் கிடந்தார். ஜூலை 15 அன்று இம்பால் காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு பெண்கள் ஆடை களைந்து நின்று நியாயம் கேட்டார்கள்.

இப்படிப்பட்ட படைப்புக்கும் 'அதிர்ச்சி', 'நினைவு', 'ஆவணக்காப்பகம்' என்ற மூன்று சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர், தேதி, ஊர் மூன்றும் போய்விட்டால், செய்தது யார் என்ற கேள்வியும் கூடவே போய்விடும். கொலை 'கருப்பொருள்' ஆகிவிடும். கருப்பொருளின் மேல் யாரும் கேஸ் போட முடியாது. என் கோபமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

"ஆழமான விஷயத்துக்குக் கடினமான மொழிதான் வரும், உனக்குப் புரியாவிட்டால் நாங்கள் என்ன செய்வது?" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அய்யா சாமிகளா, ஜான் பெர்ஜர் 1972-இல் பிபிசி தொலைக்காட்சியில் உட்கார்ந்து சாதாரண ஜனங்களுக்கு ஓவியத்தையும் விளம்பரப் படத்தையும் பிரித்து மேய்ந்தார். ரோலான் பார்த் 1980-இல் புகைப்படம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன் மையம், செத்துப்போன தன் அம்மாவின் சிறுவயதுப் படம். அந்தப் படத்தைப் புத்தகத்தில் அச்சடிக்கவே இல்லை. உங்களுக்கு அது இன்னொரு படம், அவ்வளவுதான் என்றார். கோட்பாட்டை நான் குறை சொல்லவில்லை. பார்த்துவிட்டுக் கோட்பாடு பேசுங்கள் என்கிறேன்.

பார்க்கிறார்களா என்பதே சந்தேகம். இங்கே ஒரு காலரியில், பெயர் வேண்டாம், நீளமான வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. எத்தனை நிமிஷம் என்ற தகவலும் கிடையாது. விளக்கம் மட்டும் ஒரு முழப் பலகை. நான் கிளம்பப் போனபோது காவலுக்கு நின்ற பையன், "இருங்க சார், கடைசியில அந்தக் கிழவி திரும்பிப் பாப்பாங்க, அதுக்குத்தான் மத்ததெல்லாம்" என்று இந்தியில் சொன்னான். நின்றேன். சொன்னது சரி. பலகையில் கிழவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

க்யூரேட்டர்களே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த வருஷம்? எடுத்தவர் அங்கே எத்தனை நாள் இருந்தார்? எடுக்கப்பட்டவர் சம்மதித்தாரா? வீடியோ என்றால் எத்தனை நிமிஷம்? இதைச் சுவரில் எழுதுங்கள், முடிந்தால் இந்தியிலும். பிறகு உங்கள் வியாக்கியானத்தை எழுதுங்கள், படிக்கிறேன், சண்டையும் போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் எழுதியதை உரித்துப் பக்கத்துப் படத்தில் ஒட்டினால் அது பொருந்தக் கூடாது.