முன் எது, பின் எது?

ஆரம்ப வகுப்பு வினாத்தாள்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் வினா ஒன்றுண்டு. காகம் தாகத்தால் அலைந்தது, குடத்தைக் கண்டது, கற்களை இட்டது, நீரைப் பருகியது என்னும் வாக்கியங்களை நிலைமாற்றி அச்சிட்டு, நிகழ்ந்த முறைப்படி எழுதுக என்பர். மாணாக்கர் 1, 2, 3, 4 என இலக்கமிட்டு முழுப் புள்ளியும் பெறுவர். அதே மாணாக்கருள் ஒருவனை அழைத்து, "உன் முன்னோர் இத்தோட்டத்துக்கு வந்தது பதுளைக்குப் புகைவண்டி வருவதற்கு முன்னரா, பின்னரா?" என வினவின் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். இம்மௌனம் குறித்துப் பழைய மாணவர் சிந்தித்தல் வேண்டும் என்னும் கருத்தாலேயே இவ்விழா மலரில் இதனை எழுதத் துணிந்தேன்.

பிள்ளைக்கு ஒழுங்குணர்ச்சி இல்லையென்று கூறுதல் பொருந்தாது. தமிழ் பேசும் எக்குழந்தையும் அவ்வுணர்ச்சியை நாவிலேயே கொண்டுள்ளது. "கொழுந்து பறித்து, கூடை நிறைத்து, நிறுவைக்குக் கொண்டுபோய்" என்று ஒரு சிறுமி தன் தாயின் நாளைச் சொல்லும்போது, செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள் நிகழ்ச்சிகளைத் தாமாகவே வரிசைப்படுத்தி விடுகின்றன. இடர் தோன்றுவது நெடுங்காலத்தை அளக்கப் புகும்போதுதான். ஆண்டு நம் சொற்களே சிறிது மயக்கந் தருவன. முன்னாள் என்பது கழிந்த நாள். பின்னாள் என்பது வரும் நாள். ஆனால் முன்னேறுவோன் வரும் நாளை நோக்கியே செல்கிறான்; பின்னோக்குவோனோ கழிந்த நாளைக் காண்கிறான். இதனை விளக்காமலே ஆண்டுகளின் பட்டியலைக் கையிற் கொடுத்து மனனஞ் செய்க என்பது ஆசிரியர்க்கு எளிது. பிள்ளைக்கு அதனாற் பயன் சிறிது.

ஆண்டெண்ணுக்கு முன்னர்க் காரணத்தைக் கற்பித்தல் வேண்டும் என்பதே என் துணிபு. ஊவா மாகாணத்துப் பிள்ளைக்கு அதற்குரிய பாடநூல் தோட்டத்துத் தொழிற்சாலையே. அங்கே கொழுந்தை வாட்டுவர்; பின் உருட்டுவர்; உருட்டியதைப் பரப்பிப் புளிக்க விடுவர்; அதன்பின் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பர். உலர்த்துவதை முதலிற் செய்தால் என்னாகும் என்று கேளுங்கள். உலர்ந்த இலை உருளாது, நொறுங்கும்; புளிக்கவும் மாட்டாது; கறுப்புத் தேயிலை கிடைக்காது. இவ்வளவும் உணர்ந்த பிள்ளைக்கு வரிசை என்பது ஆசிரியர் இட்ட இலக்கமன்று, பொருளுக்குள்ளேயே கிடப்பது என்பது விளங்கிவிடும்.

இனி, லயத்து முதியோரைக் கவனியுங்கள். மகள் எப்போது பிறந்தாள் என்றால், "பத்தாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டின வருஷம்" என்பார் ஒரு பாட்டி. கற்றோர் இதனைக் கேட்டு நகைப்பதுண்டு. அது தகாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கவ்வாத்தை அளவுகோலாகக் கொண்டு, அதற்கு முன், அதற்குப் பின் என்று காலத்தைப் பகுப்பது சிறந்த சரித்திர முறையே. வகுப்பறையிலும் அங்கிருந்து தொடங்கலாம். ஆண்டெண்கள் பிறகு வந்து தத்தம் இடங்களில் அமர்ந்துகொள்ளும்.

வரிசை பிறழ்ந்தால் வரும் கேட்டுக்கு நம் மாகாணத்திலேயே சான்றுண்டு. தேயிலை பயிரிடவே நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர் எனப் பிள்ளைகளிற் பலரும், பெரியோரிற் சிலரும் நம்புகின்றனர். முதலில் அவர்களை அழைத்தது கோப்பி. மன்னாரில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியே மலையேறியவர்கள் அவர்கள். புகைவண்டி நானுஓயாவை அடைந்தது 1885இல். பண்டாரவளையை அடைந்தது 1894இல். பதுளைக்கு வந்தது 1924இல். தேயிலையை முதலில் வைத்துவிட்டால், காடழித்துக் கோப்பி நட்ட ஒரு தலைமுறையின் உழைப்பு முழுவதும் பிள்ளையின் மனத்திலிருந்து அழிந்துவிடும்.

இதன் மறுதலையான பிழையும் உண்டு. கோப்பி நோயால் அழிந்தது, ஆகவே தேயிலை கண்டுபிடிக்கப்பட்டது என்று சுருக்கிச் சொல்வோர் பலர். கோப்பி இலைநோய் இத்தீவில் முதன்முதல் காணப்பட்டது 1869இல், நம் மடுல்சீமைப் பகுதியில். ஆனால் ஜேம்ஸ் டெயிலர் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலை நட்டதோ 1867இல். நோய் தேயிலையைப் பரப்பியது உண்மை, தொடக்கி வைக்கவில்லை. இரண்டு ஆண்டெண்களை அருகருகே வைத்த மாத்திரத்தே ஒரு தவறான காரணம் உதிர்ந்துவிடுவதைப் பிள்ளைகள் கண்டு மகிழ்வர்.

எல்லாவற்றிலும் பெரியது வாக்குரிமை பற்றிய வரிசை. நம் மக்களுக்கு வாக்கு எப்போது கிடைத்தது என்று மேல்வகுப்பு மாணவரைக் கேட்டாலும், பிரஜாவுரிமைச் சட்டங்களால் பிற்காலத்திலே கிடைத்தது என்பர். முறைப்படி வைத்துப் பாருங்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிபந்தனைகளுக்கு உட்பட்டேனும் தோட்டத் தொழிலாளர் பலர் வாக்காளராயினர். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அதன் பின்னரே 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரஜைகளுக்கே உரித்தாக்கிய 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பகுக்க முற்பட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்றது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. எஞ்சி நின்ற நாடற்றோர்க்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழி திறந்தன. இவ்வரிசையில் நின்று நோக்குவோனுக்குப் பிந்திய சட்டங்கள் இழந்ததன் மீட்சியாகத் தோன்றும். முதலிரண்டு ஆண்டுகளையும் அறியாதவனுக்கோ அவை புதிதாக இடப்பட்ட பிச்சையாகத் தோன்றும். நிகழ்ச்சிகள் அவையே, முறை மாறியதால் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி எண்ணும் எண்ணமே மாறுகிறது.

நிகழ்ச்சிகளை முறைப்படி சொல்லுதல் நம் பாட்டன்மாருக்கு வெறும் பயிற்சியாக இருக்கவில்லை. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும், ஏனையோராயின் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையைக் காட்ட வேண்டியிருந்தது. ஊருக்குச் சென்றவர் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் வதிவு முறிந்தது என்பர். எழுதவறியாத ஒரு தொழிலாளி எப்போது வந்தான், எப்போது மணந்தான், எப்போது ஊருக்குப் போனான், எப்போது மீண்டான் என்பவற்றை மாறுபாடின்றி அதிகாரியின் முன் சொல்ல வேண்டும். கவ்வாத்தாற் காலத்தை அளந்தவனிடம் கேட்கப்பட்டவை ஆண்டும் மாதமும்! எத்தனை விண்ணப்பங்கள் உண்மையின்மையாலன்றி வரிசை தடுமாறியமையாற் சரிந்திருக்குமோ என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஆதலால் ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் பெற்றோராகவும் விளங்கும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். காகத்தின் கதை இருக்கட்டும். அதில் எனக்குப் பகையில்லை. அதனோடு வீட்டுத் தகரப் பெட்டியையும் திறவுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, இராமேசுவரத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ பிரிந்துபோன உறவினர் எழுதிய கடிதம் ஆகியவற்றைப் பாயிலே பரப்பி, எது முன், எது பின் எனப் பிள்ளையையே அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தாள்களுக்கிடையே சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடப்பதை அவன் கண்டுபிடிப்பான். அவ்வெறுமையில் நிகழ்ந்தது யாதெனப் பாட்டியிடம் கேட்டு வரும்படி அனுப்புங்கள். அவர் கவ்வாத்துக் கணக்கிற் சொன்னாலும் அப்படியே எழுதி வரட்டும்.